திருச்செந்தூரைப் பார்க்காமல் திரும்புவது எப்படி?

திருச்செந்தூருக்குப் போய்வருவதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. எதையும் பார்க்காமல் போய்வருவதில்தான் இருக்கிறது சூட்சுமம். கிழக்கே கடல், மேற்கே ஒன்பது நிலைக் கோபுரம், இடையில் பாறையைக் குடைந்து எழும்பிய கோயில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு, கரை விளிம்பில் ஒரு குகை. இத்தனையும் கண்ணில் இடறாமல் தப்பித்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ‘தரிசனம் முடிஞ்சுது’ என்று படம் போட்டுவிட்டு, மறுநாள் காலை நெற்றி நிறைய விபூதியோடு ஆபீசில் உட்கார வேண்டுமென்றால் முன்யோசனை வேண்டும். ஆண்டுதோறும் லட்சக்கணக்கானவர்கள் இதைப் பிசகில்லாமல் செய்து முடிக்கிறார்கள். முதல்முறை கிளம்புகிறவர்களுக்குத்தான் சொல்லித்தர ஆளில்லை. அந்தக் குறையைப் போக்கவே இந்தக் குறிப்புகள்.

நாள் குறிப்பது

கூட்டம் அலைமோதும் நாளாகப் பார்த்துக் கிளம்புங்கள். கந்தசஷ்டியின் ஆறாம் நாள் இதற்கு உத்தமம். அன்று மாலை கடற்கரையில் சூரசம்ஹாரம். யானைமுகம், சிங்கமுகம், சூரபத்மனின் சொந்த முகம் என்று ஒவ்வொன்றாகச் சுவாமியை எதிர்த்து வந்து வேலுக்கு இரையாகும். கடைசியில் மாமரமாக நின்றவன் மயிலாகவும் சேவலாகவும் ஆவான். லட்சோபலட்சம் பேர் நிற்கும் அந்த மணலில் உங்களுக்குக் கிடைக்கப் போவது, முன்னால் நிற்பவர் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முதுகு. சம்ஹாரத்தை அந்தப் பிள்ளை பார்த்துக்கொள்ளும். நீங்கள் வீட்டுக்கு வந்து டிவியில் பாருங்கள்.

ஒன்றை மட்டும் எச்சரிக்க வேண்டும். ஆறு நாளும் விரதமிருந்து கோயில் வளாகத்திலேயே தங்குகிற கூட்டம் ஒன்று உண்டு. அதில் போய்ச் சேர்ந்துவிடாதீர்கள். ஆறு நாள் ஓரிடத்தில் இருந்தால் அந்த இடம் கொஞ்சமாவது தெரிந்துவிடும்.

சஷ்டிக்கு லீவு கிடைக்கவில்லையா? வைகாசி விசாகம் இருக்கிறது. தைப்பூசம் இருக்கிறது. குருப்பெயர்ச்சி இருக்கிறது. வியாழ பகவான் இங்கேதான் முருகனுக்கு அசுரர்களின் கதையைச் சொன்னார் என்பது தலபுராணம். அதனால் ஜாதகக் கட்டத்தில் குரு சரியில்லை என்று யாராவது சொன்னால் போதும், ஜனம் செந்தூருக்குக் கிளம்பிவிடும். இதற்குமேல் இப்போது பௌர்ணமியும் சேர்ந்திருக்கிறது. பௌர்ணமி இரவில் கடற்கரையில் படுத்து எழுந்தால் நினைத்தது நடக்கும் என்று யூடியூபில் யாரோ சொல்லிவைத்ததில் மணல் முழுக்கப் பாயும் போர்வையுமாக இருக்கிறது. எந்தப் புராணத்தில் இருக்கிறது என்று கேட்காதீர்கள். கேட்டால் தூக்கம் வராது.

தைப்பூசத்துக்கு நடந்து வருகிறவர்களைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். நடப்பவர்கள் வழியெல்லாம் பார்த்துக்கொண்டே வருவார்கள். நடை இந்த ஊருக்குப் பழகிய சங்கதி. 1982 பிப்ரவரியில் கருணாநிதிகூட மதுரையிலிருந்து திருச்செந்தூருக்கு நடந்தார். கோயிலில் சரிபார்ப்பு அதிகாரியாக இருந்து 1980இல் இறந்துபோன சுப்பிரமணிய பிள்ளையின் மரணத்துக்கு நீதி கேட்டு நடந்த பயணம் அது. கடவுள் மறுப்பாளரையும் நடக்க வைத்த ஊர்.

அறவே தவிர்க்க வேண்டியவை ஆவணித் திருவிழாவும் மாசித் திருவிழாவும். பன்னிரண்டு பன்னிரண்டு நாள். ஏழாம் நாள் மாலை உற்சவர் சண்முகர் சிவப்பு சாத்தி வருவார். எட்டாம் நாள் காலை வெள்ளை, நண்பகலில் பச்சை. சிவனும் பிரம்மாவும் திருமாலும் அவரே என்று அந்த மூன்று நிறங்களுக்கும் பொருள் சொல்வார்கள். பச்சை சாத்தி வீதி வலம் வருகிற அன்று தெருவில் எந்த மூலையில் நின்றாலும் கண்ணில் பட்டுவிடும். தப்பிக்க வழியே கிடையாது.

வழியில் தூங்குவது

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். பாளையங்கோட்டை தாண்டியதும் கண்ணை மூடிவிடுங்கள். அதற்குமேல் விழித்திருப்பது ஆபத்து. முதலில் கிருஷ்ணாபுரம் வரும். வேங்கடாசலபதி கோயில் மண்டபத் தூண்களில் ஆளுயரச் சிற்பங்கள். நரம்பும் நகமும் தெரிகிற மாதிரி செதுக்கி வைத்திருக்கிறார்கள். ‘திரும்பி வரும்போது பார்ப்போம்’ என்று சொல்லிக்கொள்ளுங்கள். திரும்பும்போது இருட்டிவிடும், கவலை வேண்டாம்.

அடுத்து ஆதிச்சநல்லூர். சாலையோரத்தில் சரளை மேடாகத்தான் தெரியும், அதனால் தூங்காதவர்கள்கூடத் தவறவிட்டுவிடுவார்கள். 1876இல் யாகோர் என்ற ஜெர்மானியர் வந்து தோண்டினார். 1899 தொடங்கி அலெக்சாண்டர் ரீ சில ஆண்டுகள் தோண்டினார். முதுமக்கள் தாழிகள், வெண்கலப் பாத்திரங்கள், இரும்பு ஆயுதங்கள், நெற்றியில் கட்டும் தங்கப் பட்டம் என்று மூட்டை மூட்டையாகக் கிடைத்தன. யாகோர் எடுத்தது பெர்லினுக்குப் போயிற்று, ரீ எடுத்தது சென்னைக்குப் போயிற்று. தாமிரபரணிக் கரையில் இரும்பை உருக்கி வேல் செய்த ஜனங்கள் புதைந்திருக்கிற மேடு அது. வேலைக் கும்பிடப் போகிற நாம் அதைத் தாண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறோம். தோண்டிய குழியிலேயே தாழிகளை வைத்து, மேலே கண்ணாடி போட்டு 2023இல் அருங்காட்சியகமும் திறந்துவிட்டார்கள். மேலே நின்று குனிந்து பார்த்தால் தாழி தாழியாகத் தெரியும். அதனால் டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: ‘தம்பி, எங்கேயும் நிறுத்தாதே.’

ஸ்ரீவைகுண்டத்தில் தாமிரபரணிக்குக் குறுக்கே வெள்ளைக்காரர் காலத்து அணைக்கட்டு. குமரகுருபரர் பிறந்த ஊரும் அதுதான். ஐந்து வயதுவரை பேச்சு வராத பிள்ளையைப் பெற்றவர்கள் செந்தூர்ச் சந்நிதியில் கிடத்தினார்களாம். வாய் திறந்த பிள்ளை பாடியது கந்தர் கலிவெண்பா என்பார்கள். நம் பிள்ளைகள் ஐந்து வயதில் போனை வாங்கி அதற்குள் வாயை மூடிக்கொள்கிறார்கள், காலம் அப்படி. பிறகு ஆழ்வார்திருநகரி, நம்மாழ்வார் அமர்ந்திருந்த புளியமரம். இதெல்லாம் தூக்கத்திலேயே கடந்துபோகும்.

ரயிலில் வருகிறவர்கள் ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டால் போதும். ஒரே ஒருமுறை இந்த முறை பலிக்காமல் போனது. 2023 டிசம்பர் 17 இரவு, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய அந்த வெள்ளத்தில், செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டது. உள்ளே 800 பேர். தண்டவாளத்துக்கு அடியில் கல்லும் மண்ணும் அடித்துப்போய் அந்தரத்தில் தொங்கியது. தண்ணீர் சூழ்ந்த ஊர்க்காரர்கள், தங்கள் வீட்டில் இருந்த அரிசியைக் கொண்டுவந்து பொங்கிப் போட்டார்கள். அந்த 800 பேருக்கும் ஸ்ரீவைகுண்டம் இனி மறக்காது.

ஊருக்குள் நுழைவது

வண்டியை விட்டு இறங்கியதும் ஒருவர் வருவார். ‘வாங்க அண்ணாச்சி, ஸ்பெஷலா கூட்டிட்டுப் போறேன். அரை மணி நேரத்துல சாமிய பாத்துட்டு வந்துறலாம். அம்மா, செருப்ப இங்கனயே போடுங்க.’ அவரோடு போய்விடுங்கள். அரை மணி என்பது மூன்று மணியாகும். ஆனால் அந்த மூன்று மணியும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நடப்பதால் வேறெதுவும் தெரியாது. அதற்குத்தான் அந்தக் காசு.

ராஜகோபுரத்தின் முன்னால் ஒரு செல்ஃபி எடுத்து ‘கோயில் வாசலில்’ என்று போடுங்கள். யாரும் திருத்த மாட்டார்கள். உண்மையில் அது வாசலே இல்லை. சுவாமி கிழக்கே கடலைப் பார்த்து நிற்கிறார். கிழக்கில் கோபுரம் கட்டலாமென்றால் அங்கே கடல்தான் இருக்கிறது. ஆகவே முதுகுப் பக்கம் மேற்கில் கட்டினார்கள். அதன் கதவு பெரும்பாலும் சாத்தியே கிடக்கும். நாம் உள்ளே போவது தெற்கே சண்முக விலாசம் வழியாக. இந்தக் குழப்பம் உங்களுக்குப் பெரிய வசதி.

அந்தக் கோபுரத்துக்கு ஒரு கூலிக் கதை உண்டு. கட்டியவர் திருவாவடுதுறை ஆதீனத்தைச் சேர்ந்த தேசிகமூர்த்தி சுவாமிகள். கையில் காசில்லை. வேலை முடிந்த ஆட்களுக்கு இலையில் மடித்த விபூதியைக் கொடுத்து, ‘தூண்டுகை விநாயகர் கோயில் தாண்டிப் பிரித்துப் பாருங்கள்’ என்பாராம். பிரித்தால் அவரவர் உழைப்புக்கு ஏற்ற காசு இருக்குமாம். ஆறு நிலை எழும்பிய பிறகு காசாக மாறுவது நின்றுபோயிற்று என்றும் சொல்வார்கள். இந்தக் கதையைச் சொன்னால் இப்போதைய கட்டட காண்டிராக்டர்கள் ஆர்வமாகக் கேட்கிறார்கள்.

உள்ளே போனபின் செய்ய வேண்டியவை

செல்போனை வெளியே கொடுத்துவிட வேண்டும். 2022இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை போட்ட உத்தரவு அது. போன் இல்லாத கை என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கும். இந்த நேரத்தில்தான் மனிதர்கள் தூணையும் சுவரையும் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். மனதை டோக்கனில் வையுங்கள். டோக்கன் தொலைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டே வரிசையில் நகருங்கள்.

அப்படி வைக்காவிட்டால் வட்டெழுத்தில் ஒரு கல்வெட்டு கண்ணில் பட்டுவிடக்கூடும். வரகுண பாண்டியன் ஒன்பதாம் நூற்றாண்டில் வெட்டுவித்தது. கோயில் வழிபாட்டுச் செலவுக்கு 1,400 பொற்காசு கொடுத்திருக்கிறான். கொடுத்த விதத்தைப் பாருங்கள். காசைக் கோயில் பெட்டியில் போட்டுப் பூட்டவில்லை. சுற்றுவட்டார ஊர்ச் சபைகளிடம் பிரித்துக் கொடுத்தான். முதலைத் தொடக் கூடாது. அதற்கு வட்டியாக ஆண்டுதோறும் நெல் அளக்க வேண்டும். அந்த நெல்லில்தான் பூசையும் படையலும். எந்த நாளில் என்ன செலவு, எவ்வளவு அரிசி, எவ்வளவு நெய் என்று கல்லில் கணக்கு நிற்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முந்தைய பிக்சட் டெபாசிட். அடுத்த பெரிய டெபாசிட்டுக்குத் தொழிலதிபர் சிவ் நாடார் வரவேண்டியிருந்தது. பக்கத்து மூலைப்பொழிக்காரர். மொத்தம் 300 கோடி ரூபாய்த் திருப்பணியில் அவர் தரப்புப் பங்கு 200 கோடி, அறநிலையத் துறை 100 கோடி. 2025 ஜூலை 7ஆம் தேதி குடமுழுக்கு நடந்தது. வரிசையில் நிற்கும் மண்டபங்கள் விசாலமாகிவிட்டன. இனி நிற்பதில் ஒரு குறையும் இல்லை.

கோயில் முழுக்கக் கட்டியதல்ல என்பதையும் கண்டுகொள்ளாமல் விடுங்கள். அறுபடை வீடுகளில் இது ஒன்றுதான் மலையில் இல்லாதது என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அது பாதி உண்மை. கரையோரம் ஒரு மணற்பாறைக் குன்று இருந்தது. சந்தன மலை என்பது உள்ளூர்ப் பெயர். அதைக் குடைந்துதான் கோயில் எழும்பியது. வடபக்கம் போனால் அந்தப் பாறையிலேயே பள்ளிகொண்ட பெருமாள் இருக்கிறார். முருகன் கோயிலுக்குள் பெருமாளா என்று யாரும் ஆச்சரியப்படுவதில்லை, ஏனென்றால் பாதிப்பேர் அந்தப் பக்கம் போவதே இல்லை. மூலவருக்குப் பின்னால் ஐந்து லிங்கங்கள் இருக்கின்றன. செந்தில் ஆண்டவர் கையில் ஜபமாலையும் மலரும் வைத்துக்கொண்டு நிற்பது, சூரனை வென்ற கையோடு சிவபூசை செய்கிற கோலம். நமக்குக் கிடைப்பது நாலு நொடி. அந்த நாலு நொடியில் ‘நகருங்க, நகருங்க’ என்பதற்கே ரெண்டு நொடி போய்விடும். மிச்சம் ரெண்டு நொடியில் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டால் வேலை முடிந்தது.

மூலவருக்குப் பூசை செய்கிற போத்திமார்களைக் கவனிக்க வேண்டாம். அவர்கள் பூசைமுறை கேரளத்தைச் சேர்ந்தது. சண்முகருக்குப் பூசை செய்பவர்கள் சிவாச்சாரியார்கள். இவர்களைத் தவிர திரிசுதந்திரர்கள் தனி. ஒரே கோயிலுக்குள் மூன்று மரபு.

சண்முகர் சந்நிதியில் மட்டும் நிற்காதீர்கள். அங்கே நின்றால் கதை கேட்க நேரிடும், அதுவும் ஊர்க்காரர் யாராவது பக்கத்தில் இருந்தால் முழுசாகக் கேட்டே ஆகவேண்டும். 1646இல் டச்சுக்காரர்கள் வந்தார்கள். முத்துக்குளித்துறையில் போர்ச்சுகீசியரோடு அவர்களுக்குப் போட்டி. கடலை ஒட்டிக் கோட்டை மாதிரி நின்ற கோயிலுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டார்கள். மதுரையில் திருமலை நாயக்கர் ஆண்ட காலம். 1648இல் வெளியேறும்போது சண்முகரையும் நடராசரையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இதுவரை வரலாறு. இனி ஊர் சொல்வது: நடுக்கடலில் புயல் அடித்தது, பயந்துபோய்ச் சிலைகளைக் கடலில் போட்டார்கள். நாயக்கரின் பிரதிநிதியாகத் திருநெல்வேலியில் இருந்த வடமலையப்ப பிள்ளையின் கனவில் முருகன் வந்து, ‘கடலில் எலுமிச்சம்பழம் மிதக்கும், மேலே கருடன் வட்டமிடும், அங்கே தேடு’ என்றான். 1653இல் படகில் போய்த் தேடி எடுத்தார்கள். சண்முகர் திருமேனியில் கடலுப்பு அரித்த தழும்பு இன்றும் இருக்கிறது என்று சொல்வார்கள். அபிஷேகத்தின்போது அருகில் நின்றவர்கள் தடவிக் காட்டுகிற மாதிரி வருணிப்பார்கள். கடத்திப் போன சிலை ஐந்தே ஆண்டில் ஊர் திரும்பியிருக்கிறது. நம் காலத்தில் கடத்தப்பட்டவை லண்டனிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் திரும்பிவர நாற்பது, ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன, எலுமிச்சம்பழத்துக்குப் பதிலாகப் பழைய புகைப்படம் வேண்டியிருக்கிறது.

வெளியே வரும்போது இலை விபூதி வாங்கிக்கொள்ளுங்கள். பன்னீர் மரத்தின் இலையில் விபூதியை வைத்து மடித்துத் தருவது இந்தக் கோயிலுக்கே உரியது. இலையைப் பிரித்து வெயிலுக்கு நேராகப் பிடித்தால் நடு நரம்பிலிருந்து இருபுறமும் கிளை நரம்புகள் பிரிவது தெரியும். ஆறும் ஆறும் பன்னிரண்டு, முருகனின் பன்னிரு கை என்பார்கள். ஆதிசங்கரர் இங்கே வந்து நோய் தீர்ந்து சுப்பிரமணிய புஜங்கம் பாடினார் என்ற மரபிலும் இந்த இலை வருகிறது. எண்ணிப் பார்க்க வேண்டாம். மணிபர்சில் ஏ.டி.எம். கார்டுக்குப் பின்னால் சொருகிவிடுங்கள், அடுத்த வருஷம் தூளாகக் கிடைக்கும்.

கடலும் கிணறும்

கடல் உள்வாங்கினால் உங்களுக்கு யோகம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி செந்தூரில் கடல் உள்வாங்கியது, பக்தர்கள் அச்சம் என்று செய்தி வரும். போய்ப் பார்த்தால் அச்சப்பட்டவர் ஒருவரையும் காணோம், பாசி படிந்த பாறை மேல் ஏறி நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்கள். மன்னார் வளைகுடாவில் நீர் ஏறி இறங்குவது ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள்தான். சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் வரும் நாட்களில் அந்த ஏற்ற இறக்கம் சற்றுக் கூடும். கோயில் முன்னால் கரை சரிவில்லாமல் தட்டையான பாறையாகக் கிடப்பதால், கொஞ்சம் தண்ணீர் இறங்கினாலும் நெடுந்தூரம் வெளியே தெரிகிறது. உண்மையில் அஞ்ச வேண்டியது கரை அரிப்பு. சில ஆண்டுகளாகக் கோயில் முன்னால் கடல் மணலை வெட்டி எடுத்துக்கொண்டிருக்கிறது. அது பிரேக்கிங் நியூஸில் அவ்வளவாக எடுபடாது.

கடலில் குளித்துவிட்டு நாழிக்கிணற்றில் குளிக்க வேண்டும் என்பது முறை. நீங்கள் வரிசையைப் பார்த்துவிட்டுத் தலையில் ரெண்டு சொட்டு தெளித்துக்கொள்ளுங்கள். படைவீரர்களின் தாகம் தீர முருகன் வேலால் குத்திய இடம் இது என்பது கதை. படியிறங்கிப் போனால் பெரிய பள்ளத்துக்குள் ஓரடிச் சதுரத்தில் ஒரு சின்னக் குழி. அதிலிருந்துதான் அத்தனை பேருக்கும் தண்ணீர் மொண்டு ஊற்றுகிறார்கள். சற்றுத் தள்ளி உப்புக்கடல், இங்கே நல்ல தண்ணீர். மணலுக்குள் இறங்கிய மழைநீர், உப்புநீரைவிட இலேசானது. அதனால் கடல்நீரின் மேல் மிதந்தபடி மணலுக்கடியில் தங்கி நிற்கும். அளவாக மொண்டால் ஊறிக்கொண்டே இருக்கும். நாலு போர் போட்டு மோட்டாரில் உறிஞ்சினால் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறிவிடும். குழியை ஓரடிக்குமேல் அகலப்படுத்தாமல் விட்ட பெரியவர்களுக்கு ஹைட்ராலஜியில் பட்டம் கிடையாது.

வடக்கே கரையோரம் வள்ளி குகை. குனிந்து, கிட்டத்தட்டத் தவழ்ந்து உள்ளே போகவேண்டும். முழங்கால் வலி என்று சொல்லித் தப்பிக்கலாம். காசி சுவாமி, மௌன சுவாமி, ஆறுமுக சுவாமி மூவரின் சமாதி கடலோரத்தில் இருக்கிறது. உப்புக்காற்றில் உதிர்ந்துகொண்டிருந்த மணற்கல் கோயிலைப் பெயர்த்துக் கருங்கல்லில் எடுத்துக் கட்டிய துறவிகள் அவர்கள். அங்கே கூட்டமே இருக்காது. அதனாலேயே போகாதீர்கள்.

கருப்பட்டி

வீட்டுக்கு எதையாவது வாங்கிப் போகாவிட்டால் நம்ப மாட்டார்கள். கருப்பட்டி வாங்குங்கள், பளபளவென்று இருப்பதாகப் பார்த்து. ஒரே அச்சில் வார்த்த மாதிரி, விலையும் மலிவாக. அது பெரும்பாலும் சீனி கலந்த சரக்கு. அசல் உடன்குடிக் கருப்பட்டி சிரட்டையில் ஊற்றி எடுத்தது. சிரட்டை ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு என்பதால் கருப்பட்டியும் ஒன்றுபோல் இருக்காது. நிறம் மங்கலாக இருக்கும், உடைத்தால் உள்ளே மினுக்காது, வாயில் போட்டால் இனிப்புக்குப் பின்னால் லேசான உப்பும் புகைமணமும் தட்டும். புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. ஓலைப் பெட்டியில் சுக்கு போட்ட சில்லுக்கருப்பட்டி வைத்துக்கொண்டு மூலையில் ஒரு ஆச்சி உட்கார்ந்திருப்பாள். ‘ஒரு சில்லு தின்னு பாரும்மா, பெறவு வாங்கு’ என்பாள். தின்றுவிடாதீர்கள். தின்றால் பேச்சு வளரும். பேச்சு வளர்ந்தால் பதநீர் மாசியில் தொடங்கி ஆனி வரைதான், பனையேற இப்போது ஆள் கிடைப்பதில்லை என்பதெல்லாம் தெரியவரும்.

தெற்கே திரும்பாதிருத்தல்

கடைசிக் கண்டம் தெற்கே போகிற சாலை. பதினைந்து, இருபது கிலோமீட்டருக்குள் மூன்று ஊர் இருக்கிறது. குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மன் கோயில் தசரா. காளி, குரங்கு, போலீஸ், குறத்தி என்று வேடம் கட்டிக்கொண்டு ஊர் ஊராகக் காணிக்கை வாங்கி, விஜயதசமி நள்ளிரவில் கடற்கரையில் மகிஷாசுரனை முடிக்கிறார்கள். அதே ஊர்ப் பக்கத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டினார்கள். தெற்கு நோக்கி ஏவும் ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பினால் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும், எரிபொருள் வீண். குலசையிலிருந்து போனால் நேரே கடல்தான். காளி வேடம் கட்டியவரும் ராக்கெட் விஞ்ஞானியும் ஒரே டீக்கடையில் நிற்கப் போகிற ஊர்.

அதையும் தாண்டினால் மணப்பாடு. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணற்குன்றின் மேல் 1581இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம், கீழே சவேரியார் தங்கியிருந்த குகை. செந்தூரில் வள்ளிக்கு ஒரு குகை, மணப்பாட்டில் சவேரியாருக்கு ஒரு குகை. மேற்கே உள்ளே போனால் தேரி, கண்ணுக்கெட்டிய தூரம் செம்மணல். நடுவில் கற்குவேல் அய்யனார். ஆட்டோக்காரர், ‘மணப்பாடு போவமா அண்ணாச்சி, ஒரு மணி நேரந்தான்’ என்று கேட்பார். ‘நாளைக்கு ஆபீஸ் இருக்கு’ என்று சொல்லுங்கள். அவர் பல பேரிடம் இதைக் கேட்டிருக்கிறார், வருத்தப்பட மாட்டார்.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்தால் காலையில் வந்து இரவே கிளம்பிவிடலாம். எங்கே போனாய் என்று கேட்டால் திருச்செந்தூர் என்று சொல்லலாம், என்ன பார்த்தாய் என்று யாரும் கேட்கப் போவதில்லை.

இந்த யோசனைகளைப் பின்பற்ற முடியாத பிடிவாதக்காரர்களும் இருப்பார்கள். அவர்கள் திருவிழாவோ பௌர்ணமியோ இல்லாத ஒரு புதன்கிழமையாகப் பார்த்து வந்து, இரண்டு நாள் தங்கட்டும். கோயில் நடை சாதாரண நாட்களில் காலை ஐந்து மணிக்கே திறந்துவிடும்.